பேசிக் முடித்த மாமா

பல் விளக்குவதற்கு முன்பே மாமாவின் ஆள்காட்டி விரல் மண்ணுக்குள் போய்விடும். வாயில் பிரஷ் தொங்கும், நுரை உதட்டோரம் வழியும். அவர் பால்கனியில் தொட்டி தொட்டியாகக் குனிந்து, விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் இறக்கிக் கண்ணை மூடிக்கொள்வார். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர்கூட அவ்வளவு நேரம் கண்ணை மூட மாட்டார். பிறகு விரலை உருவி, முகர்ந்து, தீர்ப்புச் சொல்வார். "இதுக்கு இன்னும் தாகம் எடுக்கல." அடுத்த தொட்டி. "இது நேத்தே குடிச்சிருக்கணும். கேக்க வெக்கப்பட்டுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கு." அதற்கும் அடுத்தது. "இது நடிக்குது."

கடைசித் தொட்டிக்கு வரும்போது நுரை தாடையில் காய்ந்து வெள்ளைத் தாடியாகியிருக்கும். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும். "அதுங்களுக்கெல்லாம் குடிக்கக் குடுத்தாச்சுன்னா உங்க வாயையும் ஒருதடவை கழுவிக்கிட்டு வாங்க."

மாமா என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருக்கும் இந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது, அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் லிஃப்டும் அப்படியே. ஆள் ஒல்லி. நடக்கும்போது தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எங்கேயோ ஒரு மோட்டார் தப்பாக ஓடுகிறதா என்று காது தேடிக்கொண்டே இருக்கும். வலது கை நகங்களில் மண், இடது கை நகங்களில் கிரீஸ். "ஒரு கையைப் பாத்தா விவசாயி, இன்னொரு கையைப் பாத்தா மெக்கானிக், மூஞ்சியைப் பாத்தா ரெண்டுலயும் நம்பிக்கை வராது" என்பார். இதை மற்றவர் சொல்லும் முன் தானே சொல்லிவிடுவது அவர் வழக்கம். தன்னைக் கேலி செய்யும் வாய்ப்பை வெளியாளுக்கு விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவர்கள் ஐந்தாவது மாடி. நான் அதற்கு நேர் கீழே. அந்தத் தோட்டத்தில் மிஞ்சும் தண்ணீரெல்லாம் என் துணிக்கொடிக்குத்தான் வந்து சேரும். என்னிடம் வெள்ளைச் சட்டை என்று ஒன்று கிடையாது. எல்லாம் ஆறிப்போன தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டன. கேட்டால், "அது வெறும் தண்ணி இல்ல மாப்ளே, கரைச்சு விட்ட உரம். வயித்தைச் சுத்தி உனக்குச் சட்டை பத்தலேன்னு சொல்லிக்கிட்டிருந்தியே, அதுவும் கொஞ்சம் வளரட்டும்" என்பார். நான் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். ஊரார் பிழையெல்லாம் என் கண்ணில் படும். என் தலைக்கு மேல் வளர்ந்துகொண்டிருந்த பிழையை மட்டும் நான் திருத்தவே இல்லை.

தோட்டம் தொடங்கியது ஒரு புதினாத் தொட்டியில். யார் வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும் செடி என்று கடைக்காரர் உறுதி கொடுத்திருந்தார். அது மாமாவைச் சந்தித்ததில்லை. காலையில் ஊற்றினார், மாலையில் ஊற்றினார், வேலைக்கு நடுவே வீட்டுக்கு வந்தும் ஊற்றினார். புதினா அழுகிப்போனது. "நான் கொல்லல மாப்ளே. அது தண்ணியில குதிச்சிடுச்சு" என்று எனக்கு விளக்கம் கொடுத்தார். அடுத்து வைத்த துளசி காய்ந்து செத்தது. முதல் செடியிடம் படித்த பாடத்தை இரண்டாவது செடிமேல் காட்டியிருந்தார். மூன்றாவதாக ஒரு மிளகாய்ச் செடி. மாமா எவ்வளவோ முயன்றும் அது சாகவில்லை, காய்த்தே விட்டது. அந்த மிளகாயை அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாடிமாடியாக இறங்கிக் காட்டினார். என் வீட்டு வாசலில் நின்று அறிவித்தார்:

"பேசிக் எல்லாம் முடிஞ்சுபோச்சு மாப்ளே. இனிமே அட்வான்ஸ்."

அட்வான்ஸ் என்ற சொல் எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது அன்றுதான். அதன் பிறகு அக்காவுக்கு நிம்மதி போனது, எனக்குக் கூரை போனது.

முதல் அட்வான்ஸ், மண். கடையில் விற்கும் மண் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று மாமா முடிவு செய்தார். தேங்காய் நார்த்தூள், மட்கிய இலை, ஆற்று மணல், பொரி மாதிரி வெள்ளையாக ஏதோ ஒன்று, எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக வாங்கி வந்து குளியலறையில் கொட்டிக் கலந்தார். கலந்து முடித்ததும் தரையைக் கழுவி விட்டார். அன்று அடைத்த குழாய் மூன்று வீட்டுக் குளியலறைகளை நிறைத்தது. குழாய்க்காரர் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள ஏதோ முளைச்சிருக்கு சார்" என்றார். அன்றைக்கே அக்கா உத்தரவு போட்டாள்: "இனிமே மண்ணு கலக்கறதா இருந்தா கட்டடத்துக்குப் பின்னால, கீழே. வீட்டுக்குள்ள ஒரு பிடி மண்ணு வந்துச்சு, அதை உங்க தட்டுல போட்டுருவேன்."

இரண்டாவது அட்வான்ஸ், தானே தண்ணீர் குடிக்கும் தொட்டி. உறவுக்காரர் வீட்டுக்கு இரண்டு நாள் போகவேண்டியிருந்தது. மாமா ஒரு பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி, அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் பருத்தித் திரி இழுத்து விட்டார். செடிக்குத் தாகம் எடுக்கும்போது திரி வழியாகத் தானே உறிஞ்சிக்கொள்ளும் என்பது தத்துவம். தத்துவத்தில் குறையில்லை. வாளியை ஸ்டூல்மேல் உயரத்தில் வைத்தது மட்டும்தான் குறை. செடிகள் உறிஞ்சுவதற்காகத் தண்ணீர் காத்திருக்கவில்லை. திரி வழியாகத் தானே கிளம்பி, தொட்டிகளை நிறைத்து, தரையை நனைத்து, என் படுக்கையறைக் கூரையில் ஒரு தீவு வரைந்துவிட்டது. மாமா திரும்பி வந்து என் கட்டிலில் மல்லாந்து படுத்து அந்தத் தீவை வெகுநேரம் பார்த்தார். "உயரத்துல இருக்கிற எதுவும் கீழ வரப் பாக்கும். இது லிஃப்ட்காரனுக்கே தெரியலேன்னா யாருக்குத் தெரியும்?" என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். அவரே வந்து வெள்ளையடித்தும் கொடுத்தார். அது வேறு வெள்ளை. தீவு இப்போது சுத்தமான தீவாக இருக்கிறது.

பிறகு பூசணி. பால்கனிக் கம்பியில் கொடி ஏற்றி விட்டார். பூக்கள் வந்தன, காய் மட்டும் வரவில்லை. ஐந்தாவது மாடிக்குத் தேனீ ஏறி வராது என்று கண்டுபிடித்து, தேனீயின் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அக்கா கன்னத்துக்குப் பவுடர் போடும் பிரஷால் தினமும் காலையில் பூவிட்டுப் பூ தடவினார். அக்கா கன்னத்தில் மஞ்சள் மகரந்தத்தோடு வேலைக்குப் போனாள். ஒரு வாரம் கழித்துத்தான் பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி என்பது அவருக்குத் தெரிய வந்தது. அவர் தடவியதெல்லாம் ஆண் பூக்கள். மாடிப்படியில் என்னை நிறுத்தி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்: "இத்தனை நாளா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களோடயே பேச்சுவார்த்தை நடத்திக்கிட்டிருந்திருக்கேன் மாப்ளே. பொண்ணு வீடு எதுன்னே விசாரிக்கல."

இவ்வளவு நடந்தும் கட்டடத்தில் அவருக்கு நிபுணர் என்ற பெயர் வந்துவிட்டது. கிளை நீண்டு போன செம்பருத்தி, காய்க்காத கொய்யா என்று வீட்டுக்கு வீடு அவரை அழைப்பார்கள். மாமா சுற்றிவந்து பார்ப்பார், பிறகு கையைக் கத்தரிபோல ஆட்டிக் காட்டுவார். "இரக்கமே பாக்கக் கூடாது. வெட்டுங்க. வெட்ட வெட்டத்தான் செடிக்கு ரோஷம் வரும்." அவர்களும் வெட்டுவார்கள், செடிக்கும் ரோஷம் வரும். ஆனால் அவருடைய சொந்தத் தோட்டத்தில் ஒரு இலைகூட வெட்டப்பட்டதில்லை என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. கவாத்துக் கத்தரி ஒன்று வாங்கி ஆணியில் மாட்டியிருந்தார். அதன் பிளாஸ்டிக் உறையே பிரிக்கப்படவில்லை.

அந்த விஷயம் எலுமிச்சையால்தான் வெளியே வந்தது.

எலுமிச்சை அவருடைய செல்லம். அவர் தூக்கி வந்தபோது முழங்கால் உயரம். நீல டிரம்மில் வளர்ந்து அவரையே தாண்டிவிட்டது. ஒரு பூ பூத்ததில்லை. அந்த வருஷம் இலைகள் வெளுக்கத் தொடங்கின. ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் அப்படியே அடியில் ஓடியது. மாமா இரும்புச் சத்து வைத்தார், வேப்பம்புண்ணாக்கு வைத்தார், எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசியும் பார்த்தார். கடைசியில் ஒருநாள் டிரம் ஓரத்தில் விரலை விட்டவர், விரல் இறங்காமல் விழித்தார். உள்ளே மண்ணே இல்லை. டிரம் முழுக்க வேர், சுற்றிச் சுற்றிக் கயிறாக இறுகிப்போயிருந்தது.

"ஓவர்லோடு" என்றார் என்னிடம். "வெளிய எடுத்து, வேரை மூணுல ஒரு பங்கு வெட்டி, புது மண்ணு போட்டு வெக்கணும். இல்லேன்னா போயிடும்."

"அப்ப வெட்டிடுங்க மாமா."

"வெட்டலாம்."

"எப்ப?"

"வெட்டலாம்கிறேன்ல."

வாரங்கள் போயின. இலைகள் மேலும் வெளுத்தன. ஊருக்கு உபதேசம் செய்த வாய், வீட்டில் மட்டும் அடைத்துக்கொண்டது. ஒருநாள் நான் விடாமல் கேட்கவும், கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒயர்னா வெட்டிட்டு முறுக்கி ஒட்டிடலாம் மாப்ளே. ரோப்னா புதுசு மாட்டிடலாம். இதை வெட்டினா திரும்ப ஒட்ட முடியாதே. வெட்டி அது செத்துப்போச்சுன்னா நான் கொன்னதா ஆயிடும். வெட்டாம செத்துப்போச்சுன்னா அது தானா செத்ததா ஆயிடும்."

கடைசியில் மரம் பழுத்த இலைகளை உதிர்க்கத் தொடங்கியதும் மாமா துணிந்தார். ஒரு விடுமுறை நாள் காலை, அக்கா இரவு ட்யூட்டி முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் திரும்பியிருக்கவில்லை. டிரம்மைக் கீழே பின்பக்கத்துக்குக் கொண்டுபோக என்னைக் கூப்பிட்டார். பிடித்தோம் என்பதைவிடத் தழுவினோம் என்று சொல்லலாம். எலுமிச்சைக்கு முள் உண்டு என்பதை நான் படித்திருக்கிறேன். அன்று அது என்னையும் படித்தது. லிஃப்டுக்குள் டிரம்மைத் தள்ளும்போது மாமா ஒருகணம் நின்று இடுப்புக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டார். "கேஸ்" என்றார். அந்தக் கேஸ் கொஞ்ச காலமாகவே அவரிடம் இருந்தது. எதையாவது தூக்கினால் மட்டும் வரும் கேஸ்.

கதவு மூடியது. லிஃப்ட் இறங்கியது. ஒரு மாடி தாண்டியதும் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

மாமா காதைச் சாய்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். ஒரு கிளை நுனி கதவிடுக்கில் சிக்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது சுவரில் உரசி, கதவை ஒரு நூலளவு விலக்கிவிட்டது. "கதவு நூலளவு திறந்தாலும் வண்டி நிக்கணும். அதான் சேஃப்டி" என்றார், குரலில் கொஞ்சம் பெருமையோடு. "நல்லா வேலை செய்யுது பாரு."

கீழே யாரோ லிஃப்டுக்காகக் காத்திருந்து கதவைத் தட்டினார்கள். முதல் மாடி டீச்சரம்மாவின் குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல வந்தது. "உள்ள யாரு? பயப்படாதீங்க! உள்ள நம்பர் ஒட்டியிருக்கும் பாருங்க, லிஃப்ட்காரருக்கு போன் பண்ணுங்க!"

எனக்கு மூடிய இடம் ஆகாது. வியர்த்துக் கொட்டியது. புத்தி எங்கே போனதோ, சுவரில் ஒட்டியிருந்த அவசர உதவி எண்ணைப் பார்த்து அப்படியே அழுத்திவிட்டேன். மாமாவின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவரும் பழக்க தோஷத்தில் எடுத்துக் காதில் வைத்தார்.

"வணக்கம், லிஃப்ட் சர்வீஸ். எங்க மாட்டிக்கிட்டிருக்கீங்க?"

"உங்க பக்கத்துலதான் மாமா."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி போனைக் கீழே இறக்கினோம். மாமாதான் முதலில் சிரித்தார். "நம்ம சர்வீஸ்ல ஆள் இவ்வளவு சீக்கிரம் வந்து சேந்ததே இல்ல மாப்ளே."

"கிளையை ஒடிங்க, போயிடலாம்."

சிரிப்பு நின்றது. "எதுக்கு ஒடிக்கணும்? மெதுவா உருவிடலாம்." ஒவ்வோர் இலையாக, முள் முள்ளாக, குழந்தையின் கையைச் சட்டைக்குள்ளிருந்து எடுப்பதுபோல உருவப் பார்த்தார். வரவில்லை. டிரம்மைப் பின்னால் நகர்த்தினால் கிளை தளரும் என்று குனிந்து அதைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார்.

ஒரு சத்தம். மோட்டார் சத்தம் இல்லை, மாமாவின் சத்தம். அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இடுப்புக்குக் கீழே இரண்டு கையையும் அழுத்தியிருந்தார்.

"இது கேஸா மாமா?"

கதவிடுக்கிலிருந்த கிளை நுனியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஹெர்னியா. குடல் இறங்கியிருக்கு. டாக்டர் பாத்துட்டாரு. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னுட்டாரு. அக்காகிட்ட சொல்லிடாதே."

"அக்கா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸு மாமா! அவகிட்ட மறைச்சு..."

"அதான் மாப்ளே. அந்த ஆஸ்பத்திரி லிஃப்டுல ஸ்ட்ரெச்சர் போறப்பெல்லாம் நான் வெளிய நின்னு வழி விட்டிருக்கேன். எத்தனை பேரு கண்ணைப் பாத்திருக்கேன் தெரியுமா? மேல பாத்துக்கிட்டே போவாங்க. நான் உள்ள படுத்துக்கிட்டுப் போனதில்ல." பிறகு வழக்கம்போலத் தன்னையே இடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் வெட்டுங்க வெட்டுங்கன்னு சொல்ற ஆளு. தன்னை வெட்டணும்னதும் கேஸ்னு பேரு மாத்திட்டேன்."

அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நான் யோசிக்கவில்லை. கிளையைப் பிடித்து முறுக்கி ஒடித்தேன். உள்ளங்கையில் இரண்டு முள் ஏறியது. கதவு சேர்ந்தது. பொத்தானை அழுத்த, லிஃப்ட் ஒன்றுமே நடக்காததுபோல இறங்கியது.

"ஏன்டா ஒடிச்சே?" என்றார் மாமா, தரையில் கிடந்த கிளையைப் பார்த்து. தன் வலியைக் கேட்கவில்லை, என் கையில் வழிந்த ரத்தத்தைக் கேட்கவில்லை. என்னை அவர் 'டா' போட்டது அதுவே முதல் தடவை.

கீழே கதவு திறந்தது. டீச்சரம்மாவும் இன்னும் நாலு பேரும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அக்கா, வேலை முடிந்து வந்தவள், தோளில் பையோடு. தரையில் உட்கார்ந்திருந்த மாமாவின் முகத்தை ஒரு பார்வை, கை அழுத்தியிருந்த இடத்தை ஒரு பார்வை.

"எத்தனை நாளா?"

"இலை வெளுத்தது போன மாசம்தான்..." என்று தொடங்கினார் மாமா.

"செடியைக் கேக்கல."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அங்கேயே மண்டியிட்டு, சட்டையை விலக்கி அழுத்திப் பார்த்தாள். வீக்கம் உள்ளே போனது. அவள் மூச்சு விட்டதை நான் கேட்டேன். "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அங்க வந்து ஒரு தடவை சரியாப் பாத்துக்கட்டும்."

"வரேன். இதை மட்டும் மாத்தி வெச்சுட்டு வரேன். பாதியில விட்டா செத்துடும்."

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த பையை டீச்சரம்மாவிடம் கொடுத்தாள். "டேய், டிரம்மை இழு" என்றாள் என்னிடம். "மேல போய் அந்தக் கத்தரியை எடுத்துட்டு வா. ரொட்டி வெட்ற கத்தியையும்."

பின்பக்கச் சுவரோரம் டிரம்மைச் சாய்த்து மரத்தை உருவினோம். டிரம்மின் வடிவத்திலேயே ஒரு வேர்க்கட்டி வெளியே வந்தது. அக்கா கத்தரியின் உறையைப் பல்லால் கிழித்தாள். மாமாவை ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்காரவைத்துத் தண்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எவ்வளவு எடுக்கணும்?"

"மூணுல ஒரு பங்கு" என்றது சுவர்ப்பக்கக் குரல். "சுத்தியும். அடியிலயும்."

அக்கா ரொட்டிக் கத்தியால் அறுக்கத் தொடங்கினாள். கரகரவென்ற ஒவ்வோர் இழுப்புக்கும் மாமாவின் தோள் தூக்கிப்போட்டது. அக்கா நிமிராமலே கையை நீட்டுவாள். நான் கத்தரியை வைப்பேன். மறுபடி நீட்டுவாள்; தவறாக மண்வெட்டியை வைப்பேன், திட்டு வாங்குவேன். நடுவே ஒருதடவை அவள், மாமாவைப் பார்க்காமலே, "வலிக்குதா?" என்றாள்.

"எனக்கா, அதுக்கா?"

"உங்களுக்குத்தான்."

"இல்ல. நீ இருக்கேல்ல" என்றார் மாமா. சொன்ன பிறகு அதைக் கேலியாக மாற்ற ஏதோ தேடினார் போலிருந்தது. கிடைக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

புது மண்ணில் நட்டு, தண்ணீர் ஊற்றி, மேலே இலைகளையும் பாதி குறைத்துவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். அடுத்த வாரத்திலேயே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அன்று ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குள் தள்ளியபோது நானும் கூட இருந்தேன். மாமா மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டு போனார். உதடு காய்ந்திருந்தது. அக்கா பச்சை உடுப்பில் அவர் தலைமாட்டில் நின்றாள். லிஃப்ட் ஏறத் தொடங்கியதும் மாமாவின் தலை மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது. "டோர் ரோலர் தேஞ்சிருக்கு" என்றார். "கேக்குதா? கிறுக் கிறுக்குங்குது. நான் எழுந்ததும் முதல்ல அதை மாத்தணும்." தள்ளிக்கொண்டு வந்தவர் சிரித்துவிட்டார். அக்கா அவர் நெற்றிமேல் கையை வைத்தாள், எடுக்கவே இல்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தவருக்குக் கனமான எதையும் தொடக்கூடாது என்று தடை. தோட்டம் என் தலையில் விழுந்தது. எலுமிச்சையையும் நானும் காவலாளியும் சேர்ந்து மேலே ஏற்றினோம். இந்தமுறை மரத்துக்குப் போர்வை சுற்றினோம். மரம் மிச்சமிருந்த இலைகளையும் ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. மாமா கட்டிலில் படுத்தபடி என்னை இயக்கினார்.

"விரலை விட்டுப் பாரு. என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல மாமா."

"உன் விரல் பேசிக்டா" என்றார். டா தங்கிவிட்டது. "நகத்தால பட்டையைக் கீறிப் பாரு. உள்ள பச்சை இருக்கா?"

இருந்தது. மறுநாளும் கேட்டார், மறுநாளும் கீறினேன். கொஞ்ச நாளில் அந்த மரத்தில் என் நகம் படாத இடம் இல்லை. அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே அதைக் கொன்றுவிடுவேன் போலிருந்தது. அக்காதான் தடுத்தாள். "தையல் ஆறியிருக்கான்னு யாராவது தினமும் பிரிச்சுப் பாப்பாங்களா?"

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரை நடந்து வந்த முதல் நாள், குச்சியின் கணுவில் ஊசிமுனையளவு பச்சை. அவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மூக்குச் சிந்தும் சத்தம் வந்தது. "ஜலதோஷம்" என்று கத்தினார், யாரும் கேட்காமலே.

இப்போது அவர் பழையபடி வேலைக்குப் போகிறார். கனமான வேலைக்கு ஒரு உதவியாளரைக் கொடுத்திருக்கிறார்கள். எலுமிச்சை தளதளவென்று நிற்கிறது. இந்த வருஷம் முதன்முறையாகப் பூத்தது. மாமா அக்காவின் பிரஷை எடுக்கப் போய், வேண்டியதில்லை, இது தானே பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்து ஏமாந்துபோனார். பூ உதிர்ந்து பிஞ்சுகள் வந்தன, பட்டாணி பட்டாணியாக, கிளை கொள்ளாமல்.

அக்கா சொல்லிவிட்டாள். "இந்த வருஷம் ஒண்ணுகூட வெக்கக் கூடாது. எல்லாத்தையும் கிள்ளிடுங்க. வெட்டின உடம்பு, மொதல்ல அது தேறட்டும். காயைச் சுமக்கிறது அப்புறம்." இந்தப் பாடத்தை முன்பு அவளுக்குச் சொன்னவரே மாமாதான். அதனால் மறுத்துப் பேச வழியில்லை.

நேற்று மாலை நான் போனபோது அவர் கிள்ளிக்கொண்டிருந்தார். வாளிமேல் உட்கார்ந்து, கிளை கிளையாக, கட்டைவிரல் நகத்தால் பிஞ்சைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "பாத்தியா மாப்ளே, கை நடுங்கல. இதுதான் அட்வான்ஸ்" என்றார். பை புடைத்துக்கொண்டு வந்தது.

கடைசிக் கிளையில் ஒன்று மிச்சமிருந்தது, மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாக. அதன்மேல் நகத்தை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். உள்ளே அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மாமா எழுந்து துணிக்கொடியிலிருந்து ஒரு சிவப்புக் கிளிப்பை உருவினார். பக்கத்து இலைகள் இரண்டை அந்தப் பிஞ்சின்மேல் திரைபோல இழுத்துச் சேர்த்து, ஓரத்தில் கிளிப்பை மாட்டினார்.